இல்லை என்றால் இருக்கிறது

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் என் மச்சினன் தவசிமுத்து. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். இந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் சொல்வேன், சத்தமாகச் சொல்ல முடியாது என்பதுதான் குறை, ஏனென்றால் இங்கே தனக்குத்தானே பேசுகிறவர்களை நர்ஸ் வேறு மாதிரிப் பார்க்கிறாள். எதிர் வரிசையில் ஒரு ஆள் மேலே ஓடுகிற காற்றாடியிடம் ஏதோ நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரைக் கூட்டிவந்த அம்மாள் அவர் வாயை முந்தானையால் துடைத்துவிடுகிறாள். அவரும் நானும் ஒரே கதவுக்குள் போகப் போகிறவர்கள். என்னை இங்கே உட்காரவைத்தவன் தவசிமுத்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு, மகன், மருமகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம், எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "அத்தான், தப்பா எடுத்துக்காதிய. இது ஒரு வியாதி. செக்ஸ் அடிக்ஷன்னு பேரு. வெக்கப்படுததுக்கு ஒண்ணுமில்ல." மகன் தலையைக் குனிந்தவன் குனிந்தவன்தான், ரசத்துக்குள் எதையோ தொலைத்துவிட்டவன் போலத் தேடிக்கொண்டிருந்தான். மருமகள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரவே இல்லை. என் பெண்டாட்டி சந்தனமாரி மட்டும் அசையாமல் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் வைக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று, வீட்டுக்குள் பூட்டிவைத்திருந்த விஷயம் இவள் வாய் வழியாகத்தான் இவன் காதுக்குப் போயிருக்கிறது. இவள் அவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பாள், அவள் இவனிடம் சொல்லியிருப்பாள். ஆனாலும் அந்தப் பெயரை வைத்தது தவசிமுத்துதான். பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி என் பெண்டாட்டி பிள்ளை முன்னாலேயே எனக்குப் பேர் வைத்துவிட்டான்.

தவசிமுத்துவுக்குப் பேர் வைக்கிறதுதான் வேலை. குடியை விட்டதிலிருந்து அவன் ஊரில் ஒருத்தரையும் விடுவதில்லை. டீ அதிகம் குடித்தால் அது அடிக்ஷன், பொம்பளைகள் சீரியல் பார்த்தால் அது அடிக்ஷன், கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிற கிழவரைக்கூட ஒருநாள் நிறுத்தி, பெரியவரே ஒரு வாரம் போகாம இருந்து பாரும், கை நடுங்குதான்னு பாரும் என்றான். மறுவாழ்வு மையத்தில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறான். ஒத்துக்கொள்வதுதான் முதல் படியாம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று யார் சொல்கிறானோ அவனுக்குத்தான் முற்றிவிட்டது என்று அர்த்தமாம். இதை யோசித்து யோசித்துத்தான் என் மண்டை காய்கிறது. இருக்கிறது என்றால் இருக்கிறது. இல்லை என்றால் அதைவிட அதிகமாக இருக்கிறது. பேசாமல் இருந்தால் யோசிக்கிறான், உள்ளே உறைத்துவிட்டது என்கிறார்கள். நான் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் முட்டுச்சந்து. இப்போது டாக்டர் கேட்டால் என்ன சொல்வது? இல்லை என்றுதான் சொல்லவேண்டும். சொன்னால் அவர் தலையை ஆட்டிக்கொண்டு மணியை அடிப்பார். மணியை அடித்தால் பின்பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தவசிமுத்துவைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் கூட இருந்தேன். விடிகாலையில் வேன் வந்தது, அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அலறினான், காலை உதைத்தான், அந்தக் காலைப் பிடித்தது நான். சந்தனமாரிதான் அழுதுகொண்டே, பிடிங்க, பிடிங்க, அவன் நல்லதுக்குத்தான் என்றாள். வேனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தும்போது அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. திரும்பி வந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தான் நீங்கதான் எனக்கு உசிரு குடுத்திய என்றான். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை. அந்தப் பார்வையை அவன் எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. இப்போது எடுக்கிறான். அதனால்தான் காலையில் சந்தனமாரி கையில் ஒரு பையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்புகிறவர்களுக்கு எதற்கு ஜிப் வைத்த துணிப்பை? பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். இங்கேயும் எனக்கும் தனக்கும் நடுவில் உள்ள நாற்காலியில் வைத்திருக்கிறாள். புடைத்திருக்கிறது. உள்ளே என் கைலிகள் இருக்கும். என் சட்டை, துண்டு, சவரப் பெட்டி. தங்கவைக்கிறவர்களுக்குக் கொடுத்தனுப்புகிற சாமான்கள். கேட்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை.

வந்ததும் வராததுமாகக் கவுண்டரில் ஒரு அவமானம். சின்னப் பெண், நெற்றியில் விபூதி, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, பேரு, வயசு, ஊரு எல்லாம் கேட்டுவிட்டு, என்ன பழக்கம் இருக்கு தாத்தா என்றாள். எனக்கு ரத்தம் முகத்துக்கு ஏறிவிட்டது. அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள். "யாரோடயும் எனக்குப் பழக்கம் கிடையாதும்மா, லாரி ஓட்டுன காலத்துலகூடக் கிடையாது" என்றேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்றவன் சிரித்தான். குடி, பீடி, வெத்தலை அப்படிக் கேட்டேன் தாத்தா என்றாள். சந்தனமாரி, வெத்தலை மட்டும் போடுவாக என்று எனக்காகப் பதில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினாளா அழுகையை அடக்கினாளா தெரியவில்லை. ஆனால் நான் சொன்னது உண்மை. லாரிக்காரன் என்றால் எல்லோரும் ஒன்றுதான் நினைக்கிறார்கள். செக்போஸ்டுக்குப் பக்கத்தில் எய்ட்ஸ் முகாம் போட்டு, அண்ணே இது இலவசம் என்று கையில் பொட்டலத்தைத் திணிப்பார்கள். நான் வாங்கமாட்டேன். வாங்கினால் போகிறவன் என்று ஆகிவிடும். வாங்காவிட்டால் பாதுகாப்பு இல்லாமல் போகிறவன் என்று எழுதிக்கொள்வார்கள். அப்போதும் இதே முட்டுச்சந்துதான். கூட ஓட்டினவர்கள் எல்லாம் டாபாவுக்குப் பின்னால் பொம்பளைகள் இருக்கிற கயிற்றுக்கட்டில் வரிசைக்குப் போவார்கள், நான் கேபினில் படுத்துக்கொண்டு கண்ணாடியில் தொங்குகிற சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பூச்சி கடிக்கும். வெக்கை. சந்தனமாரியை நினைத்துக்கொள்வேன். அவள் கழுத்தில் வேர்க்குரு இருக்கும் இடத்தை நினைத்துக்கொள்வேன். அந்த ராத்திரிகளையெல்லாம் நான் எங்கேயும் போய்ச் செலவழிக்கவில்லை. எல்லாவற்றையும் அவள் ஒருத்திக்காகச் சேர்த்துவைத்தேன். அதற்கு எவனும் எனக்குப் பேர் வைக்கவில்லை. போகாததற்குப் பேர் கிடையாது போலிருக்கிறது.

இல்லை, சரியாகச் சொன்னால் தவசிமுத்து முதல் ஆள் இல்லை. அவனுக்கும் முன்னால் அந்த லாட்ஜ் வைத்தியன். நான் கிளீனராக இருந்தபோது, மீசை சரியாக முளைக்காத காலம், போகிற ஊரில் எல்லாம் சுவரில் எழுதியிருக்கும், மூத்திரச் சந்தில்கூட விடமாட்டார்கள். இளமையில் செய்த தவறா, நரம்புத் தளர்ச்சியா, வாழ்க்கை இருண்டுவிட்டதா. படிக்கத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். படிக்காமல் இருந்திருக்கலாம். மதுரையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மாடி அறை. பட்டுச் சட்டை, கழுத்தில் உருத்திராட்சம். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, தம்பி நீ உன்னையே தின்னுட்ட என்றான். ஒரு சொட்டுக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்று கணக்குச் சொன்னான், மறந்துவிட்டது, ஆனால் அந்தப் பயம் மறக்கவில்லை. கல்யாணம் பண்ணினால் பெண் பாவம் உன்னைச் சும்மா விடாது என்றான். கறுப்பாய் ஒரு லேகியம், வாயில் வைத்தால் தார் மாதிரி ஒட்டும். அதைத் தின்றுகொண்டே பயந்தேன், பயந்துகொண்டே கல்யாணம் பண்ணினேன். முதல் ராத்திரி சந்தனமாரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், நான் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தேன், ரெண்டு பேரும் தூங்கவில்லை. அவள் பயம் என்னவென்று எனக்குத் தெரியாது. என் பயம் எனக்குள் சரக்கே இல்லை என்பது. பிறகு பிள்ளைகள் பிறந்தன, லாட்ஜ்காரன் பொய் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது, அவன் எந்த ஊரில் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறானோ. அன்றைக்கு ஒன்றுமே இல்லை என்றார்கள். இன்றைக்கு அதிகம் என்கிறார்கள். சரியான அளவு என்று ஒன்று எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

கண்ணில் புரை விழுந்து வண்டியை விட்டபிறகுதான் எல்லாம். வீட்டோடு இருக்கிறேன். இனிமேல் எந்த லோடும் என்னைக் கூப்பிடாது, சந்தனமாரி பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள், கையை நீட்டினால் தொடும் தூரம். நீட்டுவேன். உடம்பு வலி என்பாள். இன்னொரு நாள் நீட்டுவேன். வெள்ளிக்கிழமை என்பாள், மார்கழி என்பாள், பக்கத்து அறையில் பிள்ளைகள் முழித்திருக்கிறார்கள் என்பாள். ஒருநாள் சாக்குப்போக்கு இல்லாமல் என் கையை எடுத்து என் பக்கம் வைத்துவிட்டாள், கீழே விழுந்த பொருளை எடுத்து உரியவனிடம் கொடுக்கிற மாதிரி. நான் அதற்குமேல் தொடமாட்டேன். தொட்டதில்லை. சாமி மேல் சத்தியமாகத் தொட்டதில்லை. மறுநாள் காலையில் தோசை வைப்பாள், சாப்பிடமாட்டேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, அதிலென்ன தப்பு? போன் விஷயம் வேறு. மகன் கொடுத்த போனில் எதையோ தொட்டால் எதுவோ வருகிறது. பார்த்தேன். பார்த்தேன் என்றால் பார்த்தேன்தான். குளியலறைக்குள் வைத்துப் பார்த்தபோது சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை. வெளியே வாளி வைக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் சந்தனமாரி நிற்கிறாள். துணியை எடுத்து நனைக்க ஆரம்பித்தாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தவசிமுத்து வந்தான். அதற்குப்பின் நானே என்னைச் சோதித்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஒரு பெண் ஏறினால் என் கண் எங்கே போகிறது என்று நானே என் கண்ணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண் போகவில்லையென்றால் அடக்குகிறேனோ என்று பயம். போனால், ஐயோ போய்விட்டதே என்று பயம். கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்தவர், அண்ணாச்சி தலை சுத்துதா என்று கேட்கிறார்.

பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பலவேசம், பலவேசம் என்று ரெண்டு தடவை. எழுந்தேன். உள்ளே போனால் பொம்பளை டாக்டர். என் மூத்த மகள் வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. இவளிடமா? சந்தனமாரியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். மணி எங்கே இருக்கிறது என்று மேசையைப் பார்த்தேன், மணி இல்லை, ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. யாரு அய்யா உங்களை அனுப்புனது என்றாள். மச்சினன் என்றேன். உங்களுக்கு வரணும்னு தோணுச்சா? இதற்கு என்ன பதில் சொன்னால் மாட்டிக்கொள்ளமாட்டேன் என்று யோசித்தேன். அவள் காத்திருந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள், மருமகள் காய்கறி விலை கேட்கிற குரலில், கூச்சமே இல்லாமல். நிறுத்தவேண்டும் என்று நினைத்து நிறுத்த முடியாமல் போயிருக்கிறதா, அதற்காக வேலை வெட்டியை விட்டிருக்கிறேனா, ஆசையே இல்லாதபோதும் எதுவோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி செய்கிறேனா, செய்துவிட்டு நாசமாய்ப் போகிறோம் என்று தெரிந்தும் மறுபடி அதையே செய்கிறேனா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ஒவ்வொரு இல்லைக்கும் பயந்தேன், இந்த இல்லைகளை எல்லாம் சேர்த்து ஒரு பெரிய இருக்கிறது ஆக்கிவிடுவாளோ என்று. வீட்ல அவங்க வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்க என்றாள். விட்டுடுவேம்மா. விட்டுட்டு? சாப்பிடமாட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம்? பேசமாட்டேன். எத்தனை நாள் வரைக்கும்? அவளாப் பேசற வரைக்கும் என்றேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

பேனாவை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். "அய்யா, ஆசை நோய் இல்ல. இந்த வயசுல இருக்கக்கூடாதுன்னும் ஒரு சட்டம் இல்ல. போன்ல பார்த்தீங்க, கூச்சமா இருக்கு, கூச்சமும் நோய் இல்ல. நான் கேட்டேன்ல, நிறுத்த நினைச்சும் முடியாம எல்லாத்தையும் இழந்துக்கிட்டே இருக்கிறது, அதைத்தான் நாங்க பார்ப்போம். உங்க மச்சினர் சொன்ன வியாதி உங்களுக்கு இல்ல." நான் கும்பிட்டேன். கை தானாக எழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இல்லை என்ற சொல்லை இல்லை என்றே எடுத்துக்கொண்ட ஒரே ஆள். எழுந்திருக்கப் போனேன், உட்காருங்க என்றாள். "அவங்க வேண்டாம்னு சொன்னா அது அவங்க உடம்பு. அது உங்களுக்கு அவங்க வச்சிருக்கிற கடன் இல்ல. சாப்பிடாம முகத்தைத் திருப்பிக்கிறீங்கல்ல, அதுக்கு என்கிட்ட மாத்திரை கிடையாது." இது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாளோ என்று சரிம்மா என்றேன். அம்மாவை வரச்சொல்லுங்க என்றாள்.

இப்போது சந்தனமாரி உள்ளே. நான் வெளியே, பக்கத்தில் பை. கதவு சாத்தியிருக்கிறது, காற்றாடிக்காரர் தூங்கிவிட்டார். சத்தியமாகச் சொன்னால் எனக்குப் பாட வேண்டும் போல் இருந்தது. வேன் இல்லை. ஆட்கள் இல்லை. தவசிமுத்து முகத்தை நினைத்துப் பார்த்தேன், அதே கறிச்சோறு, அதே வட்டம், அதே மருமகள், டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவேண்டும், வைத்த பேரை அவன் வாயாலேயே திரும்ப எடுக்கவேண்டும், எடுக்கும்வரை அவன் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன். அந்தத் தைரியத்தில்தான் ஜிப்பை இழுத்தேன். என் கைலியை நானே எடுத்து நானே சிரித்துக்கொள்ளலாம் என்று. கைலி இல்லை. அரக்குச் சேலை, ஊதாச் சேலை, பாவாடைகள், அவள் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம், பிரஷர் மாத்திரை, சீப்பு, அதில் சுற்றிக்கொண்ட நரைமுடி. பொட்டலமாகக் கட்டிய முறுக்கு, பேரனுக்குப் போல. அடியில் கையை விட்டுத் துழாவினேன். என்னுடையது ஒன்றுகூட இல்லை. ஒரு கைக்குட்டை இல்லை. காலையிலிருந்து எதற்குப் பயந்தேனோ அது நல்ல பயமாக இருந்தது என்று இப்போது தோன்றியது. தூக்கிக்கொண்டு போகிறவர்களைக் காலால் உதைக்கவாவது செய்யலாம். தானாகப் போகிறவளை என்ன செய்வது? ஜிப்பை மூடினேன். பாதியில் சேலை நூல் மாட்டிக்கொண்டது, இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை, கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் பையைப் பார்த்தாள், மாட்டிக்கொண்ட நூலைப் பார்த்தாள், உட்கார்ந்து நிதானமாக அதை விடுவித்தாள். பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் வந்தோம். வெயில் தார் ரோட்டில் தண்ணீர் மாதிரி கிடந்தது. பெரிய மகள் ஊருக்குப் போகிற பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, யாரிடமும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றோம். நான்தான் பேச்சை எடுத்தேன், என் வழக்கத்துக்கு விரோதமாக. டாக்டரம்மா எனக்கு ஒரு வியாதியும் இல்லன்னுட்டாங்க, உன்கிட்டயும் சொன்னாங்கல்ல, இனிமே உன் தம்பி என்ன சொல்லுதான்னு பாப்போம் என்றேன். அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"வியாதியா இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன்" என்றாள். "மாத்திரை குடுப்பாங்க, சரியாப் போயிரும்னு. இப்ப நான் என்ன செய்ய?"

என் மேல் கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் பயமாக இருந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பழனி, திண்டுக்கல் என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு வியாதி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள், கட்டின பெண்டாட்டி. நான் கேபினில் படுத்துப் பூச்சிக்கடி பட்டதெல்லாம் இவளுக்காக, அதற்கு இந்த வார்த்தை. வாய் பூட்டிக்கொண்டது, எனக்கு நன்றாகத் தெரிந்த பூட்டுதான். ஜன்னல் கம்பி வழியாக அவள் சொன்னாள், சோறு பொங்கி வச்சிருக்கேன், புளிக்குழம்பு இருக்கு, சாப்பிடுங்க. நான் எதிரே இருக்கிற பழக்கடையைப் பார்த்தேன். அவள் இன்னும் என்னைப் பார்க்கிறாள் என்று கன்னத்தில் தெரிந்தது. எப்போது வருவாய் என்று கேட்கவேண்டும். அது ஒன்றுதான் கேட்கவேண்டும், சின்னக் கேள்வி, பஸ் கிளம்பிவிட்டால் கேட்கமுடியாது. டிரைவர் ஏறிவிட்டான். கேள், கேள் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கேட்காவிட்டால் இவள் வரமாட்டாள் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது, தெரிந்தும் கழுத்து திரும்பவில்லை. என்ஜின் சத்தம் கேட்கிறது. கண்டக்டர் விசில் ஊதுகிறான். நான் எத்தனையோ தடவை விட்டுக்கொடுத்துவிட்டேன், இன்றைக்கும் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன், அதற்குக் கிடைத்தது அந்த வார்த்தை. இனிமேல் அவள்தான் பேசவேண்டும். பழக்கடைக்காரன் மாதுளையைத் துடைத்துத் துடைத்து அடுக்குகிறான். பின்னால் பஸ் நகர்கிறது. பாக்கி அவளிடம்தான் இருக்கிறது.